கச்சான் காலம்: ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோகுமுன்

கச்சான் காற்று வீசுகிறது, சிறுபோக வெள்ளாமை வெட்டும் நெருங்குகிறது. மூதூர் வயல்களில் உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் ஓய்வில்லாமல் ஓடும் நாட்கள் இவை. பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேற்றர் இடுக்குகளை அடைத்துவிட்டால் என்ஜின் கொதிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. தினமும் மாலையில், என்ஜின் ஆறியபின், விசிறிப் பக்கமிருந்து வெளியே ஊதித் துப்புரவாக்குங்கள்.

கொதித்துவிட்டதா? உடனே நிறுத்துங்கள். மூடியைத் திறக்கவும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். சூட்டோடு தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும். வான்களும் கொதிப்பதுண்டு; அவற்றில் பலவற்றுக்கு அலுமினிய ஹெட். அது அதே சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமின்றி வளைந்துபோகும்.

பிறகு வெளியே கசிவில்லாமலே தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ, ரேடியேற்றரில் குமிழி விட்டாலோ, ஒயில் பால்போல வெளுத்தாலோ ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். முற்றாக ஆறியபின், ஓரத்துப் போல்ட்டுகளிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

இறக்கியதும் "ஒருக்கா ஃபேஸ் பண்ணுவம்" என்பார்கள், அதாவது லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்குவது. அவசரப்படாதீர்கள். முதலில் வெடிப்புப் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவுவது காசைக் கடலில் போடுவது. அடுத்து நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, இரு மூலைவிட்டங்களிலும் வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல வான் என்ஜின்களுக்கு அனுமதி 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். உங்கள் என்ஜினின் சரியான அளவு அதன் கைநூலில் இருக்கும். அதற்குள் இருந்தால் சீவவே வேண்டாம். சீவினாலும் சமமாகும் அளவுக்கு மட்டும். டீசல் என்ஜினில் கூடுதலாகச் சீவினால் வால்வு பிஸ்டனில் முட்டும் அபாயமுண்டு.

கை கிறைண்டரில் எமரி போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பள்ளம் விழும். அந்தத் தூள் ஒயிலில் கலந்தால் பேரிங்கும் போகும்.

பூட்டுமுன் போல்ட் துளைகளில் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, கைநூல் சொல்லும் முறுக்கில், படிப்படியாக இறுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பழகிப்போன வைத்தியம். புதியது போடுவதே சரி. உவர்க்கிணற்று நீர் ஆகவே ஆகாது, கூலன்ட் ஊற்றுங்கள். கொதிப்புக்கான காரணத்தைச் சரிசெய்யாமல் வயலில் இறக்கினால் அடுத்த கிழமையே மறுபடி ஹெட் இறங்கும்.

எவ்வளவு சீவினார்கள் என்பதை லேத்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை சீவ இடமிருக்கிறதா என்று பார்க்க அது தேவைப்படும்.