ஊருக்கு ஒரு மின் கணக்கு

பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியில் எடைக்கும் விலைக்கும் கணக்கு வைப்போர் பலர். ஊர்க் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்கிற்கும் ஆகும் மின்சாரத்தையும் அவ்வாறே கணக்கிடுதல் நலம். அது நம் வரிப்பணம்.

ஓடந்துறை காட்டும் வழி

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, திரு. ஆர். சண்முகம் தலைவராயிருந்த காலத்தில், முதலில் சூரிய ஒளித் தெருவிளக்குகளை அமைத்தது. 2003இல் மரக்கழிவு எரிவாயுக் கலனைக் கொண்டு குடிநீர் இறைத்தது. 2006இல் சுமார் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. இதில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்று மிகுந்த மைவாடியில் அது நிறுவப்பட்டது. ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம். உபரியை மின்வாரியத்திற்கு விற்ற பணம் கடனை அடைக்க உதவியது.

நாம் செய்ய வேண்டியவை

ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைக் காண்கிறோம். ஆயினும் தொடக்கம் சிறிதாகவே இருக்கட்டும். ஐந்தாறு பேர் தொண்டர் குழுவாகச் சேர்ந்து கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

1. பேரூராட்சியில் கேட்டு, 12 மாத மின்கட்டணத்தை இணைப்புவாரியாக எழுதவும். யூனிட், தொகை இரண்டையும் குறிக்கவும்.

2. குழாய்க் கசிவையும் பழுதான மோட்டாரையும் சீர்செய்யவும், எல்.இ.டி. விளக்கு பொருத்தவும் கோரவும்.

3. மிச்சமாகும் தொகையைத் தனியே ஒதுக்கும்படி வேண்டவும்.

4. அத்தொகை சேர்ந்தபின், அலுவலகக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கலாம். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்.

மாதந்தோறும் கணக்கை ஊர்ப் பலகையில் எழுதி வைக்கவும். கசியும் தண்ணீரோடு மின்சாரமும் வீணாவதை அப்போது எல்லோரும் அறிவர்.