நன்னூல் காட்டும் கல்வி வாயில்

எந்தக் கூட்டத்திற்கும் ஒரு வாயில் உண்டு. யாரை உள்ளே ஏற்பது, யாரை நிறுத்துவது, உள்ளே வந்தவர் எவ்வளவு அணுகலாம் என்னும் வினாக்கள் அவ்வாயிலில் எழுவன. கற்போர் கூட்டத்திற்கு இவ்வினாக்களை முறையாக எழுப்பி விடை வகுத்த நூல் நன்னூல். சீயகங்கன் வேண்டுகோட்கிணங்கச் சைன முனிவராகிய பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டளவில் இயற்றிய இவ்விலக்கணத்திற்கு நம் ஆறுமுக நாவலர் அவர்கள் காண்டிகையுரை செய்து உதவினார்கள். எழுத்தும் சொல்லும் தொடங்குமுன் அந்நூலில் அமைந்துள்ள பொதுப்பாயிரத்தை இவ்விழாக் காலத்தில் மீள நோக்குவாம்.

பவணந்தியார் மாணாக்கனுக்கு முன்னர் ஆசிரியனையே வாயிலில் நிறுத்திச் சோதிக்கின்றார். ஆசிரியராகத் தகாதோர்க்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காய்களைக் குடத்திற் பெய்த முறையிலேயே மீள எடுத்தல் இயலாது. கற்ற முறை பிறழக் கற்பிப்போன் அத்தகையன். குண்டிகையிற் சிறிது சிறிதாய் அடைத்த பஞ்சு சிறிது சிறிதாகவே வெளிவருதல்போல, வருந்திக் கற்றதை வருந்தியே கொடுப்பவன் ஒருவன். வேலிக்கு அப்பால் வளைந்த தென்னை நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் தரும். மடற்பனையை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கருக்கு மட்டை சூழ்ந்த அம்மரத்தில் எவரும் ஏற இயலாது. பழம் தானே விழுந்தால் உண்டு. அணுகவொட்டாத ஆசிரியனும் அவ்வாறே. ஆசிரியராகிய யாம் இவற்றைப் படிக்குந்தோறும் நம்மையே நோக்கி நாணுதல் தகும்.

இனி, மாணாக்கர். பாடஞ் சொல்லத் தகுந்தவர் அறுவர் என்பது நன்னூல். தன் மகன், தன் ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்போன், வழிபடுவோன், சொல்லியதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் என்போர் அவர். இவருள் மூவர் பிறப்பாலும், ஒருவர் பொருளாலும், இருவரே தம் தகுதியாலும் உட்புகுகின்றனர். இஃது அக்கால வழக்கு. இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபோது, பொருளால் திறந்த கதவு பொருளில்லாதார்க்கும் திறந்தது.

தகாதோர் பட்டியலையும் காண்க. மதுவால் மயங்கியோன், சோம்பன், செருக்குடையோன், கள்வன், பிணக்கன், சினத்தன், தூங்குவோன், வஞ்சகன் முதலியோர் அதில் உளர். நோயாளனையும் மந்தனையும் சேர்த்தமை நமக்கு உடன்பாடன்று. ஆசிரியன் மிக வேண்டுவது மந்தனுக்கன்றோ? எனினும் ஒன்று கருதத்தக்கது. இப்பட்டியலில் இன்ன குலத்தான் என்று எவனும் விலக்கப்படவில்லை. கீழ்ப்பாலான் ஒருவன் கற்பின் மேற்பாலானும் அவனை வழிபடுவான் என்னும் கருத்தைப் புறநானூற்றிலே (183) பாண்டிய மன்னன் ஒருவனே பாடியுள்ளான். இந்நூல்களைப் போற்றிய நம் மண்ணிலோ பிள்ளைகள் சிலர் வகுப்பறை வாங்கிலிருக்க விடப்படாது நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் வழங்கும் விதி வந்தபோது எதிர்ப்பெழுந்தது. பாடசாலைகள் சில எரிக்கவும்பட்டன. நூலில் இல்லாத பூட்டை வாயிலில் இட்டவர் நம்மவரே. விழாக் கொண்டாடும் நாம் இதனை மறைத்தல் அறமாகாது.

வாயில் கடந்தவன் எவ்வளவு அணுகலாம்? குளிர் காய்வான் நெருப்பினிடத்து நிற்குமாறு நிற்க என்பது பாயிரம். மிக அணுகினாற் சுடும். மிக அகன்றாற் குளிர் தீராது. பழைய மாணவர்க்கும் இவ்வுவமை பொருந்தும். கல்லூரியை விட்டபின் ஒருமுறையேனும் திரும்பிப் பாராதோர் மிக அகன்றவர். பழைய மாணவன் என்னும் உரிமை கொண்டு தன் மகனுக்கு இடங்கேட்டு அதிபரை நெருக்குவோர் மிக அணுகியவர். அவ்விடம் வேறொரு பிள்ளைக்கு உரியதாயிருத்தல் கூடும். அப்பிள்ளைக்காகப் பேச வருவார் எவருமிலர்.

ஆயின், பழைய மாணவர்க்குரிய இடம் யாது? அதற்கும் பவணந்தியார் விடை தருகின்றார். ஆசிரியனிடம் அமைவுறக் கேட்டவனுக்கும் புலமையிற் காற்கூறே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு விரித்துரைப்பதனாலேயே நிரம்பும். இக்கணக்கின்படி, கல்லூரியை விட்டு நீங்கும் ஒவ்வொருவனும் அரைப் புலவனாகவே நீங்குகின்றான்.

சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பில் பெயரும் சந்தாவும் பதியப்படுகின்றன. அவை வேண்டியனவே. ஆயினும், வைத்தியர், கமக்காரர், கணக்காளர், கட்டட வேலையறிந்தோர் என நம்மிடையே உள்ளோர் யாவரும், அதிபரின் இசைவு பெற்று, ஆண்டில் ஒரு மாலைப்பொழுதேனும் வந்து தாம் அறிந்ததை இன்றைய மாணவர்க்கு உரைப்பாராயின், பிள்ளைகளும் பயன்பெறுவர். உரைப்போரின் எஞ்சிய பாதியும் நிரம்பும். வாயில் திறந்தேயிருக்கின்றது. கற்பிக்க வருவோர் வருக.