முதல் வாரத்துக் கடன்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் விடியற்காலை நான்கு மணிக்கும் தறிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இருபது வருடம் நின்று வேலை பார்த்தவர் மாமா, என் அக்காவின் கணவர். 2023-இல் அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நின்றே வேலை பார்ப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்த்தார். ஒரு நாள் மூச்சு முட்டிப் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் பதினொன்று. மாத்திரையைப் போட்டும் போடாமலும் பத்து வருடம் ஓட்டிய சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்திருந்தன.

பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐந்தே நாளில் எண்பதாயிரம் ரூபாய். பட்டறை முதலாளியிடம் முப்பதாயிரம் முன்பணம், மகளிர் குழுக் கடன் முப்பதாயிரம், மீதிக்கு அக்காவின் தோடும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போயின. ஆறாவது நாள்தான் ஒரு நர்ஸ், "உங்ககிட்ட காப்பீட்டு அட்டை இல்லீங்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதை அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் குடும்பத்தை இன்றுவரை வாட்டுவது அந்த ஐந்து நாள் கடன்தான். அதன் பிறகு நடந்த நூற்றுக்கணக்கான டயாலிசிஸ் அல்ல.

தமிழ்நாட்டில் இந்தக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸும் அதில் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது இதற்காக ஒரு நாள் கூலியை விடுவது வீண் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அக்கா வீட்டில் அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததற்கு எண்பதாயிரம் கொடுத்தார்கள்.

இப்போது சேலம் அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மருத்துவமனையில் செலவே இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. பணம் எங்கே போகிறது என்று பார்க்க அக்கா, மகளின் பழைய ரஃப் நோட்டில் எழுத ஆரம்பித்தார். நான்கு மணி நேரச் சிகிச்சைதான். போக வர, காத்திருக்க என்று முழு நாளும் போய்விடுகிறது. மாதத்துக்கு எட்டு, ஒன்பது நாள் இரண்டு பேர் கூலியும் போகிறது. பஸ், டீ, சாப்பாடு தனி. சிகிச்சை இலவசம் என்றதும் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடும் வீடுகள் இங்கே நிறைய. பணம் ஒழுகுவது இந்தச் சில்லறையில்தான்.

நோட்டைப் பார்த்த பிறகு மூன்று மாற்றங்கள் செய்தார்கள். அக்கா அரசு டவுன் பஸ்ஸில் மட்டும் போகிறார். 2021 மே முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. சோறு வீட்டிலிருந்தே போகிறது. முன்பு தனியார் கடையில் வாங்கிய மாத்திரைகளை மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் வாங்குகிறார்கள். டாக்டரிடம், "மூலப்பெயர்ல எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்க அக்காவுக்கு மூன்று மாதம் கூச்சம் போகவில்லை. கேட்டதும் டாக்டர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாமாவின் வேலையும் மாறியது. டயாலிசிஸுக்காகக் கையில் பிஸ்டுலா வைக்கிறார்கள். ரத்தக் குழாய் இரண்டை இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. ஊசி போடும் அளவுக்குப் பதப்பட ஒன்றரை, இரண்டு மாதமாகும். அதுவரை கழுத்தில் டியூப்தான். அந்த டியூப்பில் கிருமி தொற்றினால் காய்ச்சல், அட்மிஷன், மறுபடியும் செலவு. சிறுநீரகம் கெட்டுவருகிறது என்று தெரிந்தவர்கள் பிஸ்டுலாவைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தக் கையில் என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும். மாமா வலக்கைக்காரர் என்பதால் இடக்கையில் வைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது; அதில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. தறியில் நிற்க முடியாது என்றானதும் வீட்டிலேயே தறிக்கான நூலைத் தாரில் சுற்றுகிறார். வருமானம் பாதிதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த நான்கு மாதம் அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பாதியின் மதிப்பு தெரியும்.

தண்ணீர்க் கணக்குதான் கொடுமை. ஒரு சித்திரை வெயிலில் தாகம் தாங்காமல் அளவு மீறிக் குடித்துவிட்டார். நள்ளிரவில் மூச்சுத் திணறல். சேலத்துக்குக் கார் வாடகை 2,500 ரூபாய். இப்போது டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள்; காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும். பொட்டாசியம் குறையக் காய்களை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறார் அக்கா. இளநீர் கிடையாது. சேலத்து மாம்பழ வாசனை தெருவெல்லாம் வீசும் மாதத்தில் பிள்ளைகளும் அவருக்கு எதிரே பழம் தின்பதில்லை.

இடையில் ஒரு உறவினர், "லட்சக்கணக்குல ஆகும், ஆனா கிட்னி வாங்கிடலாம், ஆள் இருக்குது" என்றார். வீடு சில நாள் சலனப்பட்டது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் செய்தி வந்தது. நாமக்கல் மாவட்டத்துத் தறித் தொழிலாளர்களின் கடனைக் குறிவைத்து இடைத்தரகர்கள் சிறுநீரகத்தை விற்க வைத்தது தெரிந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அக்கா சட்டம் பேசவில்லை. "அவங்களும் நம்மள மாதிரி முன்பணம் வாங்குன தறிக்காரங்கதானுங்க" என்றார். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. இறந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்புக்கு அரசின் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அந்த வழியை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடனை அடைத்ததிலும் ஒரு வரிசை இருந்தது. முதலில் அடகுக்கடை நகையை மீட்டுக் கூட்டுறவு வங்கியில் வைத்தார்கள். வட்டி பெருமளவு குறைந்தது. அடுத்தது குழுக் கடன், தவணை தவறினால் மற்ற பெண்களின் முகத்தில் விழிக்க முடியாது என்பதால். முன்பணம் கடைசி. நகையை மாற்றி வைத்ததோடு சரி, அதன் பிறகு பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதில்லை என்பதில் மட்டும் அக்கா இளகவில்லை. கல்லூரிக்குப் போகும் மகளின் புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாயை யாரும் தொடுவதில்லை. மாமா சொல்லிவிட்டார், அது அவள் பணம் என்று.

குழுக் கடனில் இன்னும் பதினொரு தவணை. முன்பணத்தில் பன்னிரண்டாயிரம் நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தே முக்கால் பஸ்.