வில்வ இலையில் ஒரு விருந்தாளி

இல்லறத்தார் நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளுள் ஒன்று பூத யக்ஞம். காக்கைக்கு ஒரு பிடி சோறும் எறும்புக்குச் சிறிது மாவும் இடுவதோடு அது நிறைவுறுவதாகப் பலரும் கருதுகின்றனர். அதே வீட்டுத் தோட்டத்தில், வில்வ இலையைத் தின்னும் புழு நசுக்கப்படுகிறது.

இதற்குக் காரணம் வெறுப்பு அன்று. பூச்சி அரித்த வில்வம் அர்ச்சனைக்கு ஆகாது என்பது மரபு. ஆயினும் அப்புழுவுக்குப் போக்கிடம் மிகக் குறைவு. எலுமிச்சை அழகி எனப்படும் வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்துச் செடிகளிலேயே முட்டையிடும். புழு இளமையில் பறவை எச்சம்போல் தோன்றும். வளர்ந்தபின் இலையின் பச்சை நிறம் பெறும். சீண்டினால், தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டிக் கடுமணம் பரப்பும். கடிக்காது, கொட்டாது. இரண்டு மூன்று வாரங்களில் உண்பதை நிறுத்திவிடும். தழைத்த மரம் மீண்டும் துளிர்க்கும்.

வில்வத்திற்கு நிர்மால்ய தோஷம் இல்லை, ஒருமுறை சாத்தியதைக் கழுவி மீண்டும் சாத்தலாம் என்பதும் அதே மரபின் கூற்றுத்தான். எனவே ஒரு கிளையைப் புழுவுக்கு விடுவதால் பூஜைக்குக் குறைவு நேராது.

எருக்கின் கதையும் இத்தகையதே. அதன் நச்சுப்பாலை உண்டு வளரும் வெந்தய வரியன், அந்நச்சையே தன் உடலில் சேர்த்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. (அப்பால் கண்ணில் படுவது ஆபத்து; குழந்தைகள் விளையாடும் இடத்தில் எருக்கு வேண்டாம்.) மாடத்துத் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையும் கறிவேப்பிலை அழகிக்குப் போதும்.

பூக்கள் மட்டும் நிறைந்த தோட்டம் உயிர்களுக்குப் பாதி உணவையே தருகிறது. தேன் குடிக்கும் தேன்சிட்டும் தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளையே. புழுவற்ற தோட்டத்தில் குஞ்சுகள் பசித்திருக்கும்.

அழகுக்காக அயல்நாட்டுச் செடிகளைக் கொணர்வதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த உன்னிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவிற்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்று பந்திப்பூர், முதுமலை போன்ற காடுகளில் புதராக மண்டி, மான்கள் மேயும் புல்லை நெருக்குகிறது. அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் தேன் அருந்துவது உண்மையே. அவற்றின் புழுக்களுக்கோ அதன் இலை பயன்படுவதில்லை.

புழு திடீரென மறைந்தால் மடிந்ததாக எண்ண வேண்டியதில்லை. அருகிலுள்ள குச்சியிலோ சுவரிலோ, மெல்லிய பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காய்ந்த இலைபோல் கூட்டுப்புழு ஒட்டியிருக்கக்கூடும். சுவரைத் துடைக்குமுன் ஒருமுறை உற்று நோக்குதல் நலம்.