லேபுக்குள் போகும் பிள்ளைகளுக்கு

பள்ளி வேதியியல் ஆய்வகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். லேபில் ஆசிட் எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறாள். கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்று, மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லலாமா?
– ஒரு தாய், தேனி

பதில்: அப்படிச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. வருடம் முழுக்கத் தள்ளி நின்று பார்த்த பிள்ளை, செய்முறைத் தேர்வு அன்றுதான் முதல் முறையாக அடர் அமிலப் புட்டியைத் தொடும். அன்றைக்குக் கையும் நடுங்கும், நேரமும் துரத்தும். விபத்து நடக்க அதைவிடத் தோதான நாள் கிடையாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே வாராவாரம் செய்து பழகினால்தான் கை பதறாது.

உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. கண்ணைச் சுற்றிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பவர் கண்ணாடி போடுகிற பிள்ளையாக இருந்தால் அதன் மேலேயே போடும் வகை கிடைக்கிறது. பவர் கண்ணாடி மட்டும் போதாது, பக்கவாட்டிலிருந்து தெறிப்பதை அது தடுக்காது. ஆசிட் என்றால் எல்லோரும் பயப்படுகிறோம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. கண்ணுக்கு அதுதான் பெரும்பாலும் அதிகக் கேடு. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அந்தப் படலமே மேற்கொண்டு உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுவில் உள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு ஆழமாக இறங்கிவிடும். ஆகவே அமிலம் எடுக்கும்போது மட்டும் என்றில்லாமல், லேபுக்குள் நுழைந்தது முதல் வெளியே வரும் வரை கண்ணாடி முகத்தில் இருக்கட்டும்.

மற்றவை உங்களுக்கே தெரியும். பருத்திக் கோட்டு, விரல்களை மூடும் ஷூ, மடித்துக் கட்டிய சடை. துப்பட்டா தொங்கவே கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள். உப்புப் பகுப்பாய்வில் ஈயம், பேரியம் போன்ற நச்சு உலோகங்களின் உப்புகள் வரும். நாம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்க ஓடாமல், சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிப்பெட்டில் கரைசலை வாயால்தான் உறிஞ்சுகிறோம். நீர்த்த கரைசல்தானே, ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உண்மையா?
– பிளஸ் டூ மாணவன், விருதுநகர்

பதில்: உண்மை இல்லை, தம்பி. வாயால் உறிஞ்சுவதை உலகம் முழுக்க ஆய்வகங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன. நம் பள்ளிகள் சிலவற்றில் இன்னும் தொடர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எப்படித் தவறுகிறது என்று பார். குடுவையில் கரைசல் குறையக் குறைய, பிப்பெட்டின் நுனி ஒரு கணம் மேலே வந்துவிடும். அந்தக் கணம் நீ உறிஞ்சிக்கொண்டிருந்தால் காற்று புகுந்து, குழாயில் இருந்த கரைசல் மொத்தமும் வாய்க்குப் பாய்ந்துவிடும். பிப்பெட்டின் அளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் நுனியைக் கவனிக்காது. வருவது ஆக்சாலிக் அமிலமாக இருக்கலாம், அது நஞ்சு. டைகுரோமேட்டாக இருந்தால் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. கரைசலே வராவிட்டாலும், நாலு பேர் தொட்டு மேசையில் உருட்டிய குழாயின் முனையைத்தான் வாயில் வைக்கிறாய்.

ரப்பர் குமிழ் பெரிய விலை இல்லை, நாலு மாணவர்களுக்கு ஒன்று போதும். ஆனால் அதைச் செருகும்போதுதான் பலர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். பிப்பெட்டின் நடு வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேல்முனையில் குமிழை அழுத்தினால் கண்ணாடி ஒடிந்து உள்ளங்கையில் ஏறும். மேல்முனைக்கு ஒரு விரற்கடை கீழே பிடி. முனையை நீரில் நனைத்துக்கொண்டு, மெல்லத் திருகி, குமிழ் பொருந்தும் அளவுக்கு மட்டும் செருகு. குமிழை முதலில் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் பிப்பெட்டின் வாயில் வைக்க வேண்டும். கரைசல் கோட்டுக்கு மேலே ஏறியதும் குமிழை எடுத்துவிட்டு ஆட்காட்டி விரலால் மூடு. இரண்டு மூன்று வகுப்பில் கை பழகிவிடும்.

குமிழ் வாங்கும் வரை என்ன செய்வது? இன்னொரு பியூரெட்டில் கரைசலை நிரப்பி, அதிலிருந்து 20 மி.லி. இறக்கிக்கொள்ளலாம். அளவு துல்லியமாகவே இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் இதைப் பணிவாகக் கேட்டுப் பார். மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

பியூரெட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேசைமேல் நிற்கும் பியூரெட்டின் வாய் பல பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே புனலில் ஊற்றினால், வழிவது நேரே கண்ணில்தான் விழும். தாங்கியைத் தரையில் இறக்கிவைத்து, பியூரெட்டின் வாய் மார்புக்குக் கீழே வந்த பிறகு ஊற்று. நிரப்பியதும் புனலை எடுத்துவிடு. இல்லாவிட்டால் புனலில் தங்கியிருக்கும் துளி விழுந்து அளவும் தப்பும்.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒரே அறை, ஒரு பிரிவில் 45 பேர். நச்சுப் புகையை வெளியேற்றும் புகைப்பெட்டி கிடையாது. பெரிதாக நிதி கேட்க முடியாத நிலையில் எதை முதலில் சரிசெய்யலாம்?
– ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் நிலை எனக்கு நன்றாகத் தெரியும். புகைப்பெட்டிக்கு எழுதிப் போடுங்கள், எழுதிக்கொண்டே இருங்கள். அது வரும் வரை காத்திருக்க வேண்டாத காரியங்கள் நிறைய உண்டு.

முதலில் தண்ணீர். ஏதாவது ஒரு குழாயில் இரண்டடி ரப்பர் ட்யூபை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். கண்ணைக் கழுவத் தனிக் கருவி இல்லாத பள்ளிக்கு அதுதான் கருவி. பிராக்டிகல் தொடங்கும் முன் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வழக்கமாகட்டும். தண்ணீர் வராத நாளில் லேபைத் திறக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்து அடர் அமிலம். இரண்டரை லிட்டர் புட்டியை மாணவர் மேசைக்கே கொண்டுவராதீர்கள். சொட்டுக்குழாய் மூடி வைத்த சிறு புட்டிகளில் கொஞ்சமாக ஊற்றி, பெயரும் செறிவும் எழுதி ஒட்டி, மேசைக்கு ஒன்றாகத் தட்டில் வையுங்கள். பெரிய புட்டிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கட்டும், கண் மட்டத்துக்கு மேலே ஒருபோதும் வேண்டாம். நீர்த்த கந்தக அமிலத்தை நீங்களோ உதவியாளரோ முந்தின நாளே தயாரித்துவிடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டே. அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். அதன்மேல் ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்று, கலக்கும்போது எழும் வெப்பத்தில் கொதித்து, சுடு எண்ணெயில் நீர் பட்டாற்போல் அமிலத்தையும் சேர்த்து வாரி இறைக்கும். மாணவர்களுக்கு விதியை மட்டும் சொல்லாமல் இந்தக் காரணத்தையும் சொன்னால், அவர்கள் மறப்பதில்லை.

இனி வாயுக்கள். ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும் கிப் உபகரணம் வைத்திருந்தால் அதன் இடம் வராந்தாதான். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பெரிய ஆபத்து. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போதே அது மூக்கின் மோப்ப உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும். நைட்ரேட் சோதனையில் வரும் செம்பழுப்புப் புகையும் ஏமாற்றக்கூடியது. அப்போதைக்கு லேசான இருமலோடு போய்விட்டதுபோல் தோன்றும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அந்தப் புகையை ஆழமாக இழுத்துவிட்ட மாணவனை வகுப்புக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள், வீட்டுக்கும் தகவல் சொல்லுங்கள். உப்பை ஸ்பூன் கணக்கில் அள்ளாமல் ஒரு சிட்டிகையோடு நிறுத்தப் பழக்கினாலே பாதிப் புகை குறைந்துவிடும். 45 பேரும் ஒரே நேரத்தில் ஒரே சோதனையைச் செய்யாதபடி பிரித்துவிடுங்கள்.

செய்முறைத் தேர்வுக் காலத்தில் வெயில் ஏறியிருக்கும். அடர் அமோனியா புட்டிக்குள் அழுத்தம் கூடியிருக்கும். திறப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் நிறுத்திவைத்து, மூடிமேல் ஈரத்துணி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திறவுங்கள்.

வெள்ளி ஆடிச் சோதனைக்கான டாலன்ஸ் கரைசலை அன்றன்றைக்கு வேண்டிய அளவே தயாரியுங்கள். மீந்ததை மறுநாளுக்கு வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் உள்ளே படியும். பிராக்டிகல் முடிந்த கையோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்காக, கிண்ணங்களில் மெத்தனால் ஊற்றி உப்புகளைப் போட்டு, வானவில் நிறங்களில் தீச்சுடர் காட்டலாம் என்றிருக்கிறோம். வீடியோவில் பார்த்தோம். செய்யலாமா?
– பிளஸ் ஒன் மாணவிகள், நாகர்கோவில்

பதில்: செய்யவே கூடாது. அமெரிக்கப் பள்ளிகளில் இதே செய்முறையால் பல பிள்ளைகள் முகமும் உடலும் வெந்து துடித்திருக்கிறார்கள். அங்குள்ள வேதிப் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கைப் படம் வெளியிட்டது. அடுத்த மாதமே நியூயார்க்கில் ஒரு பள்ளியில் இதே செய்முறையில் இரண்டு மாணவர்கள் தீக்காயம் அடைந்தார்கள்.

மெத்தனால் 12 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் ஆவியைக் கிளப்பும். நாகர்கோவிலில் அது எந்த நாளும் தயார்தான். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றும்போது தீ புட்டிக்குள் பாய்ந்து, அதன் வாயிலிருந்து பீறிட்டு எதிரே நிற்பவர்கள் மேல் அடிக்கும்.

நிறங்களைக் காட்ட வேறு வழி இருக்கிறது. மரக்குச்சிகளை உப்புக் கரைசல்களில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடி அணிந்து, பன்சன் பர்னர் சுடரில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சிவப்பு, தாமிரத்துக்குப் பச்சை, சோடியத்துக்கு மஞ்சள். அதே நிறங்கள்தான்.

கேள்வி: அமிலம் பட்டால் சோடா உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும் என்று பழைய புத்தகத்தில் படித்தேன். சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: உடம்பின் மேல் வேண்டாம். நடுநிலையாக்கும் வினையிலும் வெப்பம் வரும். அதைவிட, அந்தக் கரைசலைத் தேடும் நேரத்தில் தோல் வெந்துவிடும். அமிலமோ காரமோ, உடனே ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். தோலுக்கு 20 நிமிடம், கண்ணுக்குக் குறைந்தது 15 நிமிடம், இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு. எரிச்சல் குறைந்தது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நனைந்த உடையையும் ஷூவையும் கழுவும்போதே கழற்றிவிட வேண்டும், வெட்கம் பார்க்க நேரமில்லை. மேசையில் சிந்தியதற்கு சோடா உப்பு சரி. மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயரையும் செறிவையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.