வளவில் விளைந்ததைக் கொண்டு இரா உணவு

கமக்காரர் குடும்பங்கள் பலவற்றில் நாளின் முதன்மையான உணவு இரவிலேயே உண்ணப்படுகின்றது. விடியற்காலையில் பழஞ்சோறோ வெறுந்தேநீரோ அருந்தி வயலுக்குச் செல்பவர், நண்பகலில் வரம்பிலிருந்து கிடைத்ததை உண்கின்றார். பொழுதுபட்ட பின்னரே குடும்பத்தினர் யாவரும் ஒருங்கு கூடுகின்றனர். ஆகவே அவ்வேளையில் கறிச்சட்டியில் இருப்பது எதுவோ, அதுவே அக்குடும்பத்தின் உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் மூடைகளாகக் கட்டிச் சந்தைக்கு அனுப்பும் வீட்டிலே, இரவில் சோறும் ஒரு குழம்பும் மட்டுமே பரிமாறப்படுவதைக் காணலாம். விற்றது போக எஞ்சியதை உண்போம் என்னும் வழக்கமே இதற்குக் காரணமாகும். விலை நன்றாயிருக்குங்கால் ஒன்றும் எஞ்சுவதில்லை. உண்பதற்கு வேண்டியதை ஒதுக்கிய பின்னரே விற்றல் வேண்டும்.

கடந்த காலம் கற்பித்த பாடம்

1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானபோது, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. மக்கள் கிழங்கு வகைகளையும் குரக்கனையும் நாட வேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் விளைச்சல் குன்றியது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி இல்லாமையால் எரிபொருளும் உணவும் அரிதாயின. அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. பிற நாட்டிலிருந்து வரும் மைசூர்ப் பருப்பையும் கோதுமை மாவையும் நம்பியிருந்த வீடுகள் இடர்ப்பட்டன. வளவிலே முருங்கையும் மரவள்ளியும் நின்ற வீடுகளில் அடுப்பு அணையவில்லை.

சோறு தருவதும் தராததும்

அரிசி உடலுக்கு வலுவைத் தருகின்றது. ஓரளவு புரதமும் அதில் உண்டு. எனினும் தவிட்டை முற்றாக நீக்கி வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் உயிர்ச்சத்து ‘பீ 1’ மிகக் குறைந்துவிடும். யாவாத் தீவிலே பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் எயிக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீக்கா அரிசியை உண்டபின் அவை தேறுவதையும் 1890களில் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள இச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. ஆதலின் வீட்டிலே புழுக்கிய நெல்லின் அரிசி, தீட்டிய பச்சையரிசியினும் சிறந்ததாகும். அதனைப் பலமுறை கழுவுதல் ஆகாது. வடித்த கஞ்சியை வீசாது, உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பருகலாம்.

அரிசிக்குத் துணையான தானியங்கள்

அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள ஒரு கூறு பயறு வகைகளில் நிறைய உண்டு. பயற்றிற் குறைவாயுள்ள வேறொரு கூறு அரிசியில் உண்டு. இரண்டையும் ஒரே வேளையிற் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்யும். அரிசி நான்கு பங்கெனின், பயறு, கௌபி அல்லது உழுந்து ஒரு பங்கு இருத்தல் நன்று. நெல் அறுவடையானபின் வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைப் பயன்படுத்திப் பயற்றை விதைப்போர், வீட்டுத் தேவைக்குரிய அளவை முதலில் அளந்து, நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும்.

குரக்கனில் சுண்ணாம்புச்சத்து மிக்குண்டு. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து அடங்கியுள்ளது. அரிசியில் இருப்பது மிகச் சொற்பமே. கிழமையில் இரண்டு இரவுகள் குரக்கன் புட்டு அவித்தல் வளரும் பிள்ளைகளுக்கு நன்மை பயக்கும்.

ஐவருக்குரிய ஓர் இரா உணவு

புழுங்கலரிசி 600 கிராம், பயறு 150 கிராம், பூசணிக்காய் அரைக் கிலோ, முருங்கையிலை நான்கு கைப்பிடி, தேங்காய் ஒன்று, தேசிக்காய் ஒன்று, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு ஆகியன வேண்டும். இயலுமெனின் ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாடு சேர்க்கலாம்.

1. பயற்றை இலேசாக வறுத்து அவித்து, பூசணித் துண்டுகளையும் மஞ்சளையும் இட்டு, வெந்தபின் பாதித் தேங்காயின் பாலை விட்டு இறக்குக.

2. முருங்கையிலையைக் கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, இலையை இட்டு, மூடி, சில நிமிடங்கள் மட்டும் வேகவிட்டு, எஞ்சிய தேங்காயில் ஒரு பகுதியைத் துருவிச் சேர்த்து வறையாக்குக.

3. மீதித் தேங்காயிற் சம்பல் அரைத்து, உண்ணும் வேளையில் தேசிப்புளி பிழிக.

முருங்கையிலையும் பூசணியும் கண் பார்வையைக் காக்கும் உயிர்ச்சத்து ‘ஏ’ உடலில் உண்டாவதற்கு உதவுவன. கொழுப்புடன் உண்டாலே அச்சத்து நன்கு உறிஞ்சப்படும். தேங்காய் அதற்காகவே சேர்க்கப்படுகின்றது. இலையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்குத் தேசிப்புளி துணைபுரிகின்றது. உணவோடோ உண்டவுடனோ தேநீர் அருந்தினால் அவ்விரும்புச்சத்தில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணித்தியாலமாவது கழித்தே தேநீர் அருந்துக.

மரவள்ளி சமைப்போர் கவனத்திற்கு

மரவள்ளிக் கிழங்கில் நஞ்சாகத்தக்க பொருளொன்று உண்டு. கிழங்கைக் கிண்டிய அன்றே சமைத்தல் நன்று. தோலை முற்றாக நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரிட்டு, பாத்திரத்தை மூடாது அவித்து, அந்நீரை வடித்து ஊற்றிவிடுக. நீலம் பாய்ந்த கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் உண்ணலாகாது. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவாதலின், பயற்றங் கறியோ மீனோ உடன் இருத்தல் அவசியமாகும்.

வளவில் நிற்க வேண்டியவை

மழை தொடங்குங்கால், ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான முருங்கைத் தடிகள் இரண்டை வேலியோரம் நடுக. கிணற்றடியில் வழிந்தோடும் நீருக்கு இரண்டு வாழைகளையும், அண்மையில் பப்பாசி, தேசி, கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் வைக்கலாம். கீரைப் பாத்தியை ஒரே நாளில் முழுவதும் விதையாது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு துண்டாக விதைத்து வந்தால், இடையறாது கீரை கிடைக்கும். பசளியும் பொன்னாங்காணியும் ஈரமான இடத்தில் ஒடித்து ஊன்றினாலே தழைப்பன. அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் குப்பைக் கூட்டெருவும் இவற்றுக்குப் போதுமானவை.

சந்தைக்குரிய தோட்டத்தில் மருந்து தெளிக்கப்பட்டிருப்பின், சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்ட நாட்கள் கழியுமுன் அங்கிருந்து ஒரு காயேனும் வீட்டுச் சட்டிக்கு வரலாகாது, சந்தைக்கும் செல்லலாகாது. செடியினுள் ஊடுருவிய நஞ்சு கழுவுதலால் நீங்காது.

பகிர்ந்துண்ணும் முறை

நல்லுணவு சமைத்தால் மட்டும் போதாது. பல வீடுகளில் தாய் யாவருக்கும் பரிமாறியபின், சோறும் குழம்பின் அடியும் மாத்திரமே கொண்டு பசியாறுகின்றாள். வறையும் பயற்றங் கறியும் அதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆயின் இரும்புச்சத்து அதிகம் வேண்டியவள் அவளே. கருவுற்றிருப்பின் அத்தேவை மேலும் பெருகும். இரத்தக்குறைவுள்ள தாய்க்குப் பேற்றுக் காலத்தில் ஆபத்து அதிகம். பிறக்கும் குழந்தையும் நிறை குறைந்து பிறத்தல் கூடும். ஆகையால் கறிகளைச் சட்டியிலிருந்து எடுக்கும்போதே அவளுடைய பங்கை வேறாக எடுத்து வைத்தல் வேண்டும். இதனைக் கவனிப்பது குடும்பத் தலைவரின் கடமையாகும்.

நாட்டுக்கு உணவளிப்பவர் கமக்காரர். அவர் பிள்ளைகள் மாலைக்கண்ணும் சோகையுமின்றி வளர்வதற்கு வேண்டியவற்றுட் பெரும்பகுதி, அவர்தம் வேலிக்குள்ளேயே விளையக்கூடியது. அடுத்த மழைக்கு முன் இரண்டு முருங்கைத் தடிகளைத் தேடி வைப்பதே இதன் தொடக்கமாகட்டும்.