வாய் அக்கரமும் சொத்தைப் பல்லும்



நோயுற்று மெலிந்த பிள்ளையின் நாவில் தயிராடை போன்ற வெண்படலம் படர்வதுண்டு. பால் ஒட்டியிருக்கிறதென்று பலர் எண்ணிவிடுகின்றனர். பால் எளிதில் துடைபடும். இப்படலமோ எளிதில் நீங்காது, நீங்கினாலும் அடியில் சிவந்த புண் தெரியும். இதுவே அக்கரம். கேண்டிடா என்னும் பூஞ்சையால் உண்டாவது. நலமுள்ள பலருடைய வாயிலும் இப்பூஞ்சை அடங்கிக் கிடக்கும். இரத்தப் புற்றுநோய், எய்ட்ஸ் போன்றவற்றால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகிவிடும்.

வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழைய வழக்கத்தை அறவே கைவிடுக. வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் அமெரிக்கப் பெண்மணியர் இருவர் கண்டறிந்த நிஸ்டாட்டின் மருந்தை மருத்துவர் தருவதுண்டு. அதனை வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு. நீர்ம மருந்துகள் பலவற்றில் சர்க்கரை கலந்துள்ளது. போதாக்குறைக்கு, ஊட்டமென்று இனிப்பு டின்பாலையும் புட்டியில் கரைத்துக் கொடுக்கிறோம்! பல்லில் ஒட்டிய சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லை அரிக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் கேடு மிகுதி. எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைக்குச் சொத்தைப் பல்லின் கிருமிகள் இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, சர்க்கரையில்லா மருந்து உண்டா என மருத்துவரைக் கேளுங்கள். உறங்குமுன் புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்கிவிடுங்கள். நம் செர்டாங்குக்கு அண்மையிலுள்ள பினாங்கில் 1949இலேயே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளிக்குப் பல் பார்க்க வருவோரிடம் பிள்ளையின் நோயையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காமல் கூறுங்கள்.